மெழுகுக் கோடு அழியாமல்

பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் இசைத்தட்டுகளை என் வண்டியில் ஏற்றும்போது ஒரு நிபந்தனை போட்டார். எப்படி வேண்டுமானாலும் கழுவலாம், ஆனால் லேபிள்மேல் இருக்கும் கோடுகள் மட்டும் அழியக் கூடாது. என்ன கோடு என்று நான் கேட்கவில்லை. நான்கு பால் கிரேட்டுகளில் இரண்டு நனைந்து காய்ந்தவை. உறைகள் உப்பி, ஓரமெல்லாம் சாம்பல் நிறப் பூஞ்சை. எதாவது ஒன்று பாடினாலே போதும் என்ற நினைப்பில் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

நான் இருப்பது வடக்கு நியூ ஜெர்சியில், பெர்கன் கவுன்டி. அவர் ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூயார்க் நகரத்து பிராங்க்ஸில் பிறந்து வளர்ந்தவர். 1970களின் பின்பாதியில், பள்ளிக்கூடம் போகும் வயதில், அடுக்குமாடிக் கட்டடங்களின் பொது அறையிலும் பூங்காவிலும் தட்டு சுற்றிய பையன்களில் ஒருவர். பேர் வாங்கிய டிஜே இல்லை. கல்யாணம் ஆனதும் இங்கே வந்துவிட்டார். 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்சமாக வந்த மழையில் எங்கள் தெருவில் பல வீடுகளின் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்தது. அவர் வீட்டில் ஒரு சாண். தரையில் இருந்த இரண்டு கிரேட் நனைந்தன, அவற்றின்மேல் இருந்த இரண்டும் தப்பின. இரண்டு வாரம் மின்விசிறி போட்டுக் காயவைத்தாராம். அதற்குமேல் அவற்றைத் திறந்து பார்க்க மனம் வரவில்லை என்று மூடிவிட்டார்.

முதல் சனிக்கிழமை எதையும் கழுவவில்லை, எண்ணினேன். மொத்தம் 187. அதில் பல பாட்டுகள் உள்ள பெரிய எல்பி 96, அதே அளவில் ஒரு பாட்டுக்கென்றே வந்த 12 அங்குல சிங்கிள் 58, நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும், நடுவில் பெரிய ஓட்டை உள்ள சின்ன 45கள் 33. நனைந்தவை 61. எண்ணும்போதே ஒன்று கண்ணில் பட்டது. பல தட்டுகள் ஜோடி ஜோடியாக இருந்தன. அதே பாட்டு, அதே கம்பெனி, இரண்டு பிரதி. இரண்டின் லேபிளிலும் நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி மெழுகு க்ரேயானால் இழுத்த ஒரு கோடு. சிலதில் சிவப்பு, சிலதில் மஞ்சள். துணியை வெட்டுவதற்கு முன் தையல்காரர் போடும் சாக்பீஸ் கோடு மாதிரி, யோசித்துப் போட்ட கோடு.

ஜோடி ஏன் என்பதற்குப் பதில், ஹிப்ஹாப் இசை பிறந்த நாளாகச் சொல்லப்படும் 1973 ஆகஸ்ட் 11இல் இருக்கிறது. பிராங்க்ஸில் 1520, செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்தின் பொது அறையில், தன் தங்கை நடத்திய விருந்துக்கு கூல் ஹெர்க் தட்டு போட்டார். ஜமைக்காவில் பிறந்த பையன். ஆடுபவர்கள் பாட்டு முழுவதற்கும் ஆடுவதில்லை, பாடகர் நிறுத்தி டிரம் மட்டும் தனியாக வாசிக்கும் அந்தச் சில விநாடிக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்து வைத்திருந்தவர் அவர். அந்த இடத்துக்கு பிரேக் என்று பேர். ஒரே தட்டின் இரண்டு பிரதியை, தட்டைச் சுழற்றும் இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடிந்ததும் அடுத்ததில் அதையே தொடங்கினால் சில விநாடி சில நிமிடமாக நீளும். பிறகு வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இதைக் கணக்காகச் செய்தார். பிரேக் எங்கே தொடங்குகிறது என்று தட்டின்மேல் க்ரேயானால் அடையாளம் போட்டுக்கொண்டார். கடிகார முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுபோல் கோட்டைப் பார்த்து, அது எத்தனை முறை சுற்றியது என்று எண்ணித் தட்டைப் பின்னால் திருப்பினால், ஊசியை எடுக்காமலே பிரேக்கின் முதல் அடிக்குத் திரும்பிவிடலாம்.

அதாவது அந்தக் கோடுகள் கிறுக்கல் இல்லை, வேலைக் குறிப்பு. பதினாறு பதினேழு வயதில் ஒரு பையன் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பதற்காகப் போட்டு வைத்தது. ஒரு தட்டின் ஓரத்தில் ஈரப் பஞ்சால் ஒற்றிப் பார்த்தேன். பஞ்சில் லேசாகச் சிவப்பு ஏறியது. லேபிளில் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

இதற்குக் கடையில் லேபிள் மூடி கிடைக்கிறது. எனக்கு ஒரே நேரத்தில் நாலைந்து தேவைப்பட்டதால் நானே செய்தேன். சமையலறை பிளாஸ்டிக் டப்பா மூடி, 11 சென்டிமீட்டர் விட்டம் உள்ளது, ஒரு தட்டுக்கு இரண்டு. எல்பியின் லேபிள் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், அதனால் மூடி சுற்றிலும் கொஞ்சம் வெளியே வரும். மூடியின் உள்விளிம்பில் மெல்லிய ரப்பர் வளையம் ஒட்டினேன். நடுவில் துளை போட்டு, இரண்டு மூடிக்கும் நடுவில் தட்டை வைத்து, கால் அங்குல போல்ட்டை ஊடே செலுத்தி, காது வைத்த நட்டால் முறுக்கினேன். தட்டின் நடுத்துளை 7 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், கால் அங்குலம் 6.35, அதனால் போல்ட் உரசாமல் போகும். வேண்டாத ஒரு தட்டில் வெற்றுக் காகிதம் ஒட்டி, மூடியை மாட்டி, வாளியில் அரை மணி நேரம் முக்கி வைத்துச் சோதித்தேன். காகிதம் உலர்ந்தபடியே வந்தது. இந்த ஏழு மாத வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் இந்த டப்பா மூடிதான்.

அடுத்தது பூஞ்சை. இதை வீட்டுக்குள் செய்யவே கூடாது. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, என்95 முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு செய்தேன். காய்ந்த பூஞ்சையைத் தட்டினால் தூசியாகக் கிளம்பி மூக்குக்கும் அடுத்த தட்டுக்கும் போகும். அதனால் முதலில் நனைத்து, பிறகு ஒற்றி எடுக்க வேண்டும். காகித உள்ளுறைகள் ஒன்று விடாமல் குப்பைக்குப் போயின. போவதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் சிலதில் பென்சிலால் எண்கள் எழுதியிருந்தன. ஏழு தட்டுகளில் உள்ளுறை தட்டோடு ஒட்டிப்போயிருந்தது. அவற்றுக்கு மூடி மாட்ட முடியாது. ஈரப் பஞ்சை விளிம்பில் வைத்து வைத்து, உள்நோக்கி விரல் அகலம் விரல் அகலமாக ஊறவிட்டு உரித்தேன். காகிதம் ஊறிய அப்பளம் மாதிரி நழுவி வந்தது. லேபிளை நெருங்கியதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை உலர்ந்த நிலையிலேயே சுரண்டி எடுத்தேன். ஒரு தட்டுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

கழுவும் கலவை எளிதானது. டிஸ்டில்டு வாட்டர் 800 மில்லி (நம்மூரில் பேட்டரிக்கு ஊற்றுவோமே, அதேதான்), 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் 200 மில்லி, ஃபிலிம் கழுவுகிறவர்கள் பயன்படுத்தும் ஃபோட்டோ-ஃப்ளோ ஐந்து சொட்டு. அந்த ஐந்து சொட்டு இல்லாவிட்டால் தண்ணீர் தட்டின்மேல் முத்து முத்தாக நின்றுவிடும், பள்ளத்துக்குள் இறங்காது. ஊசி ஓடும் அந்தப் பள்ளம் ஒரு தலைமுடி அகலம்கூட இருக்காது, அழுக்கு அதன் அடியில் படிந்திருக்கிறது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டையான பேடால், பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. பிறகு ஈரத்தையும் இழுக்கும் வேக்யூம் கிளீனர். அதன் ஒடுங்கிய மூக்கின் வாயில் இரண்டு பக்கமும் வெல்வெட் ரிப்பன் ஒட்டி, தட்டின்மேல் மெல்லப் பதித்து, தட்டைச் சுற்றினால் அழுக்குத் தண்ணீரை அப்படியே உறிஞ்சிவிடும். துணியால் துடைத்துக் காயவைத்தால் அழுக்கு திரும்பப் பள்ளத்துக்குள்ளேயே காயும்.

முதல் பத்துத் தட்டு வீணாயிற்று. கண்ணாடி மாதிரி பளபளத்தன, ஊசியை வைத்தால் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் விடாமல் ஒரு பொரிச்சல். பாட்டு முடிந்ததும் ஊசி முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் பஞ்சு உருண்டை ஒன்று ஒட்டியிருந்தது. பூஞ்சையைத் தேய்த்த அதே பேடால் அலசவும் செய்திருந்தேன், அலசிய தண்ணீரும் ஒன்றேதான். பள்ளத்திலிருந்து கிளப்பிய அழுக்கைக் கரைத்து மறுபடி பூசிவிட்டிருக்கிறேன். அன்றிலிருந்து பூஞ்சைக்கு ஒரு பேடு, கழுவ ஒன்று, அலச ஒன்று. அலசுவது இரண்டு முறை, வெறும் டிஸ்டில்டு வாட்டரில், எட்டுத் தட்டுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றி. பத்தையும் மறுபடி கழுவியதும் ஒன்பது சரியாகிவிட்டன. பத்தாவதில் அழுக்கு அசையவில்லை. அதன்மேல் மர வேலைக்கான வெள்ளைப் பசையை, நம்ம ஃபெவிகால் வகைதான், ஒரே சீராகப் பரப்பி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். மறுநாள் விளிம்பில் நகத்தால் கிளப்பி இழுத்தால், ஆறிய பாலின் ஏடு மாதிரி ஒரே தாளாக உரிந்து வந்தது. அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் பள்ளங்களின் அச்சு அத்தனையும் தெரிந்தது, கறுப்புப் புள்ளிகளோடு. தட்டு பாடியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது பிடிபட எனக்கே இரண்டு மாதம் ஆயிற்று. தட்டில் கேட்கும் சத்தம் எல்லாம் அழுக்கு இல்லை. அழுக்கு ஒழுங்கில்லாமல் பொரியும். கீறல் ஒழுங்காகத் தட்டும்: எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, அதனால் 1.8 விநாடிக்கு ஒரு முறை ‘டிக்’ என்றால் கீறல்தான், எவ்வளவு கழுவினாலும் போகாது. மூன்றாவது, தேய்மானம். அது பாட்டின் சத்தத்தோடு ஏறும், பாட்டு தணிந்தால் தானும் தணியும். குரலுக்குப் பின்னால் மணல் உரசுவதுபோல் இருக்கும். நாலாவதாக ஒன்று இந்தப் பெட்டிகளில் நிறைய இருந்தது. பாட்டு சுத்தமாக ஓடும், ஓர் இடத்துக்கு வந்ததும் ஒரு சுற்று, இரண்டு சுற்று ‘ஷ்ஷ்’ என்று இரைச்சல், அப்புறம் மறுபடி சுத்தம். முதலில் அதையும் அழுக்கு என்று நினைத்து மூன்று தடவை கழுவினேன். பிறகுதான் லேபிளின் கோட்டைப் பார்த்தேன். இரைச்சல் வரும் இடத்தில் தட்டை நிறுத்தினால், கோடு நேராக டோன்ஆர்மை, அதாவது ஊசியைத் தாங்கும் கையைப் பார்த்து நிற்கிறது. ஊசியைப் பள்ளத்திலேயே வைத்துக்கொண்டு, தட்டை முன்னும் பின்னும் அசைத்து அசைத்து முதல் அடியைத் தேடியதில் தேய்ந்த இடம் அது. டிஜேக்கள் இதைக் க்யூ பர்ன் என்பார்கள். ஊசி குதிக்காமல் இருக்க டோன்ஆர்மின் தலையில் ஒரு பென்னிக் காசை ஒட்டுவோம் என்றார் பெரியவர். அன்றைய செப்புப் பென்னி 3.1 கிராம். ஊசியின் அழுத்தம் வழக்கமாகவே இரண்டு மூன்று கிராம்தான், காசோடு அது இரட்டிப்பாகும். பள்ளம் தேயாமல் என்ன செய்யும்?

அதற்கப்புறம் நான் தட்டுகளைக் கேட்டது வேறு மாதிரி. இரண்டு தட்டுகளை மட்டும் சொல்கிறேன். ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’, 1979, அவரிடம் இரண்டு பிரதி. இரண்டிலும் மற்றவர்கள் அடங்கி பேஸ் கிதார் தனியாக நடக்கும் இடத்தில் பள்ளம் வெளுத்து, விளக்கொளியில் ஒரு பட்டையாகவே தெரிகிறது. அந்த பேஸை ஸ்டுடியோ கலைஞர்களை வைத்துத் திரும்ப வாசிக்கச் செய்து, அதன்மேல் மூன்று பேர் ராப் செய்ததுதான் அதே ஆண்டு வெளியான ‘ரேப்பர்ஸ் டிலைட்’. 14 நிமிடத்துக்குமேல் ஓடும் 12 அங்குலத் தட்டு. அதை வெளியிட்ட சில்வியா ராபின்சனின் ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் இருந்தது பிராங்க்ஸில் இல்லை, எங்கள் கவுன்டியில் உள்ள எங்கிள்வுட்டில், என் வீட்டிலிருந்து கால் மணி நேரம். பாடிய மூவரில் ஹாங்க் என்பவர் அந்த ஊரில் பீட்சா கடையில் வேலை பார்த்தவர். பெட்டியில் இந்தத் தட்டு ஒரே ஒரு பிரதிதான். கோடு கிடையாது. தேய்மானம் முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீர். வீட்டில் உட்கார்ந்து முழுசாகக் கேட்ட தட்டு. பெரியவரிடம் சொன்னேன். அதில் டிஜேக்கு என்ன வேலை, கை வைக்க இடமே இல்லையே என்றார். உலகம் முழுக்க ஹிப்ஹாப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்த முதல் தட்டு, ஹிப்ஹாப்பை உண்டாக்கியவர்களின் கைக்கு உதவாத தட்டாக இருந்திருக்கிறது. எத்தனையோ கட்டுரைகளில் படித்த விஷயம்தான், இரண்டு தட்டின் தேய்மானத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கிள்வுட்டில் அந்த ஸ்டுடியோ 2002இல் எரிந்துபோயிற்று.

க்யூ பர்னைச் சரிசெய்ய முடியாது, பிளாஸ்டிக் போனது போனதுதான். ஆனால் இரைச்சலைக் குறைக்க ஒரு வழி உண்டு. பழைய ஊசிகளின் முனை உருண்டை. அது பள்ளச் சுவரின் ஓர் உயரத்தில் மட்டும் உட்கார்ந்து அங்கேயே தேய்த்திருக்கும். வேறு வடிவ முனை வைத்தால் அது சுவரில் தேயாத இடத்தைத் தொடும். ஊசியைப் பிடித்திருக்கும் சின்னப் பெட்டிக்கு கார்ட்ரிட்ஜ் என்று பேர். ஆடியோ-டெக்னிக்கா விஎம்95 கார்ட்ரிட்ஜில் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதால் அதை எடுத்தேன். முதலில் நீள்வட்ட முனை, அப்புறம் மைக்ரோலைன் என்கிற மெல்லிய முனை, இரண்டுக்கும் அழுத்தம் 2 கிராம். ‘குட் டைம்ஸ்’ ஜோடியில் ஒன்றில் மைக்ரோலைனோடு இரைச்சல் பாதியாகக் குறைந்தது. இன்னொன்றில் எந்த வித்தியாசமும் இல்லை, சுவர் முழுக்கத் தேய்ந்திருக்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டேன். கம்ப்யூட்டரில் பதிவு செய்து இரைச்சலை மென்பொருளால் எடுத்துவிடலாமே என்று அலுவலக நண்பர் கேட்டார். முடியும்தான். எனக்கு மனமில்லை.

கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசைத் தட்டுகளின் கதை வேறு. அவை பெரும்பாலும் அவருடைய அம்மாவுடையவை. அவர் தெற்கிலிருந்து நியூயார்க்குக்கு வந்து குடியேறியவர். அரீதா ஃபிராங்க்ளின், ஓட்டிஸ் ரெடிங், டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனித் தட்டுகள். லேபிளில் க்ரேயான் கோடு இல்லை, நீல மை பால்பாயின்ட் பேனாவில் அந்த அம்மாவின் பேர் இருந்தது. விருந்துக்குத் தட்டை எடுத்துப் போனால் யாருடையது என்று குழப்பம் வரக் கூடாது என்று அந்தக் காலத்தில் இப்படி எழுதுவார்களாம். நம் வீடுகளில் பாத்திரத்தில் பேர் வெட்டுவதுபோலத்தான். ஓட்டிஸ் ரெடிங்கின் ‘டாக் ஆஃப் த பே’ 45 ஒன்று இருந்தது. மெம்ஃபிஸில், பழைய சினிமா தியேட்டரை மாற்றி அமைத்த ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் பதிவானது. பதிவு முடிந்து சில நாளில், 1967 டிசம்பர் 10 அன்று, 26 வயதில் அவர் விமான விபத்தில் இறந்தார். தட்டு வந்தது அடுத்த மாதம். அந்த அம்மாவின் பிரதி இரண்டு பக்கமும் ஒரே சீராக, நன்றாகவே தேய்ந்திருக்கிறது.

45களில் கவனம் வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்க 45கள் எல்லாமே வினைல் இல்லை. சில ஆலைகள் பாலிஸ்டைரினை அச்சில் பாய்ச்சிச் செய்தன. நகத்தால் தட்டினால் வினைல் ‘டொக்’ என்னும், ஸ்டைரின் ‘கிளிங்’ என்னும். வினைல் கொஞ்சம் வளையும், ஸ்டைரின் வளையாது, உடையும். வினைலில் லேபிள் காகிதம் அழுத்தும்போதே பிளாஸ்டிக்கோடு சேர்ந்துவிடுகிறது, ஸ்டைரினில் பசையால் ஒட்டியிருப்பார்கள், அதனால் ஈரம் பட்டால் சீக்கிரம் கிளம்பும். பெட்டியில் இருந்த 33 சின்னத் தட்டுகளில் 11 ஸ்டைரின். அவற்றுக்கு ஆல்கஹால் கலக்காமல், டிஸ்டில்டு வாட்டரும் ஃபோட்டோ-ஃப்ளோவும் மட்டும். தேய்ப்பதும் மிக மெதுவாக. அப்படியும் மூன்றில் லேபிள் ஓரம் எழும்பிவிட்டது, திரும்ப ஒட்டினேன். அந்த அம்மாவின் கையெழுத்து இருந்தது எதற்கும் சேதமில்லை.

இப்போது நான் கெடுத்தது. மூன்று தட்டுகள் நெளிந்திருந்தன. வினைல் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பிக்கும். அந்தச் சூட்டில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து, அழுத்தத்தோடு மெல்ல ஆறவிட்டால் நிமிரும். 6 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு கண்ணாடி வெட்டி வாங்கினேன். வீட்டு ஓவனின் குறைந்தபட்சச் சூடே 77 டிகிரி, அது ஆபத்து. அதனால் சூடாக்கி, அணைத்து, கதவைத் திறந்து வைத்து, தெர்மாமீட்டர் 58 காட்டியதும் உள்ளே வைத்தேன். ஆறியதும் எடுத்தால் தட்டு அச்சடித்ததுபோல் நேராக இருந்தது. ஊசியை வைத்ததும் இரண்டாவது நிமிடத்திலிருந்து ‘டக்’, ‘டக்’. கண்ணாடியைத் துடைத்திருந்தேன், கழுவவில்லை. மேல் கண்ணாடியில் ஒட்டியிருந்த இரண்டு மணல் துகள்கள் இளகிய வினைலுக்குள் அழுந்தி, குழி விழுந்துவிட்டது. ஒன்று க்ரேயான் கோட்டுக்கு நேராகவே.

அன்று இரவே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தட்டை வாங்கி விளக்கில் சாய்த்துப் பார்த்தார். குழியை விரலால் தடவினார். இதன் ஜோடி மேல் கிரேட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, நன்றாகப் பாடுகிறது என்றேன். அப்படியென்றால் சரி என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்கு ஆறுதல் இருந்தது, ஆனாலும் மற்ற இரண்டையும் ஓவன் பக்கமே கொண்டுபோகவில்லை. கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, தட்டை நடுவில் வைத்து, மேலே 8 கிலோ எடையோடு ஆகஸ்ட் மாதம் பரணில் மூன்று வாரம் விட்டுவைத்தேன். மத்தியானம் அங்கே 46 டிகிரி வரை போயிற்று. ஒன்று முழுசாக நிமிர்ந்தது. இன்னொன்று இன்னும் லேசாக அலை அடிக்கிறது, ஊசி தாண்டவில்லை, போதும்.

டர்ன்டேபிள் வேலை ஒரே நாளில் முடிந்தது. அவருடையது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, 1980களில் வாங்கியது. இடது பக்கம் சத்தமே இல்லை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சறுக்கு பொத்தானை நகர்த்தினால் வேகம் தாவியது. திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், தட்டை வைக்கும் சுழல் பலகைக்கு அடியில், வீட்டு மின்சாரம் நேராக வரும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. சறுக்கு பொத்தானுக்குள் மின்தொடர்பைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே இரண்டு முறை அடித்து இருபது தடவை முன்பின் நகர்த்தினேன். சுழல் அச்சில் இரண்டு சொட்டு எண்ணெய். ஒயர் அறுந்திருக்கும் என்று இடது சத்தத்துக்கு அரை நாள் ஒதுக்கியிருந்தேன். கார்ட்ரிட்ஜ் தலையின் பின்னால் இருக்கும் நான்கு முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்ததுமே சத்தம் வந்துவிட்டது. பலகை சுற்றும்போது அதன் ஓரத்துப் புள்ளி வரிசை சிவப்பு விளக்கில் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி என்று அர்த்தம். அது அப்படி நின்றதைப் பார்த்து அவர் வெகு நேரம் எதுவும் பேசவில்லை.

கடைசியாக ஒரு எல்பி மிச்சம் இருந்தது. அதன் உறை வேறு ஏதோ பாட்டுக் குழுவுடையது, தட்டு அதற்குச் சம்பந்தமில்லாதது. இரண்டு பக்கமும் லேபிள் இருந்த இடத்தில் வெளிறிய காகித நார்கள் மட்டும், எழுத்தே இல்லை. வெள்ளத்தில் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது இருந்தது நனையாத மேல் கிரேட்டில். வினைல் தட்டின் லேபிள் தானாகக் கழலாது, யாராவது ஊறவைத்துத் தேய்த்தால்தான் போகும். கேட்டேன். ஆமாம், குளியல் தொட்டியில் நான்தான் ஊறவைத்தேன் என்றார். கூல் ஹெர்க் தன் தட்டுகளின் லேபிளை ஊறவைத்து எடுத்துவிடுவார், எந்த பிரேக் எந்தத் தட்டில் இருக்கிறது என்று எதிராளி எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. அது ஜமைக்கா ஒலிபெருக்கிக்காரர்களின் பழைய வழக்கம். இவரும் அதைப் பார்த்துச் செய்திருக்கிறார். சரி, எந்தத் தட்டு என்றேன். கழுவியவர்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாட்டு முடியும் கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே ஒரு வழுவழுப்பான வளையம் இருக்கும். ஆலைக்காரர்கள் கையால் கீறிய எண்ணும் எழுத்தும் அங்கேதான். என் டப்பா மூடியின் ரப்பர் சரியாக அதன்மேல்தான் உட்காரும், அதனால் அத்தனை மாதம் நான் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தட்டின்மேல் சாய்வாகப் பிடித்தேன். முதலில் வெறும் பளபளப்பு. மெல்லத் திருப்பத் திருப்ப, ஒரு எண், ஒரு கோடு, மறுபடி எண், அப்புறம் மெல்லிய கையெழுத்தில் இரண்டு எழுத்து. காகிதத்தில் குறித்துக்கொண்டு, சேகரிப்பாளர்கள் தொகுத்து வைத்திருக்கும் பட்டியலில் தேடினேன். பொருந்தியது. மறுநாள் அந்தத் தட்டை அவர் வீட்டு டெக்னிக்ஸில் வைத்து, பேரைச் சொன்னேன். அவர் சிரித்தபடி ஊசியைத் தூக்கி, பள்ளங்களை ஒரு பார்வை பார்த்து, நேராக பிரேக்கில் கொண்டுபோய் வைத்தார். லேபிள் இல்லாததால் இந்தத் தட்டில் க்ரேயான் கோடும் இல்லை. அந்த இடத்தில் ‘ஷ்ஷ்’ என்ற இரைச்சல் மட்டும் இருந்தது.

புது உள்ளுறை, புது பிளாஸ்டிக் உறை போட்டு, பேனாவை எடுத்து, மேலே பேரை எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அதனால் இங்கேயும் எழுதவில்லை.